சூசை கலந்த எண்ணெய்

1

மார்ச் மாதம் சுங்க அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த ஜெர்மன் நாட்டில் அரசாங்க உறையில் வருகிற கடிதம் நல்ல சேதி சொன்னதாக எனக்கு நினைவில்லை. வந்து பதினாலு வருஷமாகியும் அந்த உறையை ஒரு நாள் பிரிக்காமல் வைத்துவிட்டுத்தான் பிரிக்கிறேன். இந்தியாவிலிருந்து உங்களுக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கிறது, நேரில் வந்து என்னவென்று விளக்கவும், ஏழு வேலை நாளில் வராவிட்டால் திருப்பி அனுப்பப்படும் என்று எழுதியிருந்தார்கள். அனுப்பியவர் பெயர் சூசை. ஊர் அச்சரப்பாக்கம்.

சூசை எனக்கு எதையும் அனுப்புகிற ஆள் இல்லை. பொங்கலுக்கு ஒரு வாட்ஸப் படம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாட்ஸப் படம், இவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த போக்குவரத்து. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சுங்க அலுவலகத்தில் ஓர் இளம்பெண் கையுறை போட்டுக்கொண்டு பொட்டலத்தைக் கிழித்தாள். உள்ளே பழைய பிஸ்கட் டின். டின்னுக்குள் தமிழ் நாளிதழில் சுற்றிய ஒரு ரிமோட் கார். முழங்கை நீளம், முன்பக்கம் வலது சக்கரத்தைத் தாங்கும் கால் உடைந்து தொங்கியது.

"பொம்மையா?" என்று கேட்டாள்.

பொம்மை என்றால் பாதுகாப்பு முத்திரை வேண்டும், முத்திரை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். பொம்மை இல்லை, பந்தய வண்டி, பயன்படுத்தியது என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில், ஜெர்மனில் ஏறக்குறைய அதேபோல் ஒலிக்கும் தீர்ந்துபோனது என்ற சொல் வாயில் வந்துவிட்டது. அவள் வண்டியைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தச் சொல்லையே படிவத்தில் எழுதினாள். மதிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் போடக்கூடாதாம். ஒன்று என்று போட்டுக் கொடுத்துவிட்டாள்.

டின்னுக்கு அடியில் சூசையின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ரோட்டை அகலம் பண்றாங்க, கடையை இடிக்கிறாங்க, சாமானெல்லாம் எடுக்கும்போது இது கிடைச்சுது, எனக்கு வேணாம், நீயே வச்சிக்க. ரயிலில் திரும்பி வரும்போது அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கவேண்டிய இடத்தை விட்டு இரண்டு நிலையம் தாண்டித்தான் இறங்கினேன்.

2

நான் படாளத்துக்காரன். பெயர் ஏழுமலை. இங்கே யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாததால் ஏழு என்றே நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கே வருமுன் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு போகும்போது ஓடாத ரிமோட் கார் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். மண்ணில் ஓடுகிற ரகம். கரண்டு வேலை எனக்குத் தெரியும், மோட்டாரைச் சரிசெய்துவிட்டேன். சக்கரமும் ஸ்பிரிங்கும் எனக்குப் பிடிபடவில்லை.

என் பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகுகிறது என்று, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அச்சரப்பாக்கத்தில் ஒரு கடையில் நின்றபோது, பையில் இருந்த இந்த வண்டியையும் கடைக்காரனிடம் காட்டினேன். அவன்தான் சூசை. என் வயதுக்காரன். பைக் ஷாக் அப்சர்பர்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பது அவன் தொழில்.

"இன்னா மச்சான் இது, பல்லி கணக்கா கீது?" என்றான். என் பைக் அன்று சாயங்காலம் வரை அப்படியே நின்றது.

அந்தச் சின்ன வண்டிக்கும் நாலு சக்கரத்துக்கு நாலு ஷாக் அப்சர்பர் உண்டு. சுண்டுவிரல் அளவு குழாய், உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஏறி இறங்கும் ஒரு தட்டு. எண்ணெய் கெட்டியாக இருந்தால் வண்டி விறைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். நீர்த்திருந்தால் மேட்டில் குதித்து இறங்கும்போது வயிறு தரையில் அடித்து எகிறும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. சக்கரத்தை எவ்வளவு சாய்ப்பது, முன்பக்கத்தை எவ்வளவு இறக்குவது, எந்த டயர் போடுவது என்று செட்டிங்கில் எத்தனையோ உண்டு. ஆனால் எண்ணெய் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

வெளிநாட்டில் இதற்கென்றே கெட்டிக்கேற்ப நம்பர் போட்ட எண்ணெய் பாட்டிலில் விற்கிறது. சூசைக்கு நம்பர் தெரியாது. அவன் நாட்டு மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் வாங்கினான். தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெயை அதில் கலந்தான். வெயில் காலத்துக்கு ஒரு கலவை, மார்கழிக்கு ஒரு கலவை. ஊற்றி மூடியதும் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுவான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

"டப்புனு ஒரே சத்தம் வரணும். ரெண்டு வந்துச்சுன்னா எண்ண நீத்துப் பூடுச்சுனு அர்த்தம்."

படாளத்தில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லின் களம்தான் எங்கள் மைதானம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சூசை வெள்ளைச் சட்டையோடு நேராக வந்துவிடுவான். பூசைக்குப் போட்ட சட்டையில் எண்ணெய்க் கறையோடு வீட்டுக்குப் போய் மனைவி ரெஜினாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். சில நாள் பைக்கில் கடப்பாக்கம் வரை போய், கடலோரத்து இடிந்த கோட்டைப் பக்கம் மணலில் ஓட்டிப் பார்ப்போம். உப்புக் காற்று பேரிங்குகளைத் தின்றுவிடும். திரும்பியதும் எல்லாவற்றையும் கழற்றி டீசலில் கழுவுவோம். கை முழுக்க டீசல் நாற்றத்தோடு பரோட்டா தின்போம்.

இங்கே என் நிலவறையில் இப்போது மூன்று வண்டிகள் இருக்கின்றன. இருபது வகை எண்ணெய் இழுப்பறையில் நம்பர் வாரியாக அடுக்கியிருக்கிறது. அந்தக் களத்தில் கிடைத்த சந்தோஷத்தில் கால்வாசிகூட எனக்கு இங்கே கிடைக்கவில்லை.

3

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி, விற்காத மனைப்பிரிவு ஒன்றில் சென்னைக்காரர்கள் போட்டி வைத்தார்கள். மே மாதம். இந்த வண்டிகளை விற்கும் கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார். முந்தைய மாதம் சூசையின் கைவேலையைப் பார்த்துவிட்டு, "போட்டி முடியட்டும், நம்ம கடைக்கே வந்துடு, எங்க டீம் வண்டியெல்லாம் நீ பாத்துக்க" என்று சொல்லியிருந்தார். சூசையும் ரெஜினாவும் சென்னையில் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்பது வரை பேசிவிட்டார்கள்.

நான் செய்ததைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். போட்டியன்று காலை சூசை நாஸ்தா வாங்கப் போனான். என்னிடம் ஒரு பாட்டில் வெளிநாட்டு எண்ணெய் இருந்தது. மேடு பள்ளமான தரைக்கு இந்த நம்பர்தான் சரி என்று இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர் எழுதியிருந்ததைப் படித்து வாங்கியது. அவர் குளிர் நாட்டுக்காரர் என்பதும், நம்மூர் வெயிலுக்கு அது தண்ணீர் மாதிரி என்பதும் என் மண்டையில் ஏறவில்லை. படித்தவன் என்ற திமிர். நாலு குழாயிலும் சூசையின் எண்ணெயைக் கொட்டிவிட்டு அதை ஊற்றினேன். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான், ஜெயித்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். கீழே மணல் என்பதால் அவனாலும் சத்தம் கேட்டுப் பார்க்க முடியவில்லை.

காலைச் சுற்றுகள் எப்படியோ ஓடிவிட்டன. இறுதிச் சுற்று மதியம் இரண்டு மணிக்கு. நான்தான் ஓட்டினேன், முதலில் போய்க்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றில் மணல் மூட்டை அடுக்கிய மேட்டில் வண்டி குதித்து இறங்கியது. வயிறு அடித்தது, எகிறியது, கவிழ்ந்தது. பின்னால் வந்த வண்டி ஏறி, முன் வலது ஷாக் அப்சர்பர் முறிந்தது.

"பைக் மெக்கானிக் வேலை இவ்ளோதான்" என்றார் கடைக்காரர். பக்கத்தில் இருந்தவர், "இவனுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றார். அந்த இவனுங்களில் நான் சேர்த்தி இல்லை. சூசை மட்டும்தான். ஏன் என்று எனக்குத் தெரியும், படிக்கிற உங்களுக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அதோடும் விடவில்லை. சாயங்காலம் வண்டியைப் பார்க்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்துப்போய், உடையாத மூன்றிலும் சூசையின் எண்ணெயையே திரும்ப ஊற்றிவைத்தேன். மறுநாள் அவன் பிரித்துப் பார்த்தான்.

"எங்கியோ தப்பு பண்ட்டேன் மச்சான். எங்கனுதான் தெரில" என்றான்.

மூன்று மாதத்தில் நான் விமானம் ஏறினேன். சூசை ரிமோட் வண்டியை அதன்பிறகு தொடவில்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

4

சுங்கத்திலிருந்து வந்த வண்டியை அடுக்களை மேசையில் பரப்பிவைத்திருந்தேன். என் மகள் நிலா அந்தப் பக்கம் வந்தாள். இங்கேயே பிறந்தவள், பதிமூன்று வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஊருக்குக் கூட்டிப்போனால் கொசுக்கடியை எண்ணிக்கொண்டு திரும்புவாள். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து ரிமோட்டைத் திருகியவள், இப்போது நான் ஏதாவது காட்டினால் ஒரு காதில் மட்டும் பாட்டை நிறுத்துகிறாள். அதுவே பெரிய மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன்.

"இது ஏன் உடைந்தது?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

நானும் ஜெர்மனிலேயே சொன்னேன். எண்ணெய், மேடு, கடைக்காரர், சாயங்காலம் செய்த திருட்டு வேலை எல்லாவற்றையும். தமிழில் பதினாலு வருஷம் வராத வாக்கியம் ஜெர்மனில் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அந்த மொழியில் என்னைத் திட்டி வளர்த்தவர்கள் யாரும் இல்லை, அதனால் கூச்சம் தெரியவில்லை போலிருக்கிறது.

அவள் முழுக்கக் கேட்டாள். "இதை நீங்கள் சொல்லவேண்டிய ஆள் நான் இல்லையே" என்றாள். பாட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்து சூசையைக் கூப்பிட்டேன்.

"வண்டி வந்துச்சா மச்சான்? பேஜாரு எதுனா பண்ணானுங்களா?"

"வந்துடுச்சு. சூசை, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது எனக்கு இங்கே கேட்டது.

"நாலுலயுமா ஊத்துன?"

"நாலுலயும்."

"சாய்ங்காலம் என் எண்ணய திரும்ப ஊத்துனதும் நீதானா?"

"நான்தான்."

"நான் இன்னா நெனச்சிகினு கீறேன் தெரியுமா இத்தினி வருசமா? ஒவ்வொரு ஃபோர்க்குக்கும் எண்ண ஊத்திட்டு மூணு தபா தொறந்து பாக்கறேன்டா. கஷ்டமர் சிரிக்கறான். ரெஜினா திட்டுது. என் கையே எனக்கு வேத்தாள் கை மாரி ஆயிடுச்சு." போன் அறுந்தது.

மூன்று வாரம் அவன் எடுக்கவில்லை. வேலையில் சால்டரிங் பிழை இரண்டு முறை விட்டேன். நாலாவது வாரம் குரல் செய்தி ஒன்று வந்தது. விளக்கெண்ணெய் மூன்று பங்கு, தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு, முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு நூல் அளவு தாழ்த்தி என்று அந்தக் காலத்து செட்டிங் மொத்தத்தையும் அப்படியே ஒப்பித்திருந்தான். ஒன்றையும் மறக்கவில்லை. கடைசியில் இதைச் சொல்லியிருந்தான்:

"மாத்துனது நீதான், சரி. மாத்தாம வுட்டுருந்தா கவுந்துருக்காதுனு இன்னா நிச்சயம்? என் எண்ணயில ஓட்டிக் காட்டு. நான் பாக்கணும்."

5

விளக்கெண்ணெய் இங்கே மருந்துக் கடையில்தான் கிடைக்கும். மூன்று பாட்டில் கேட்டேன். மருந்துக் கடை அம்மாள் குரலைத் தாழ்த்தி, ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மூன்று நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள் என்றார். வண்டிக்கு என்று சொன்னால் நம்பவா போகிறார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது மேடு. நான் இருக்கும் ரிமோட் கார் சங்கத்தின் ஓடுபாதையில் ஒரு கல்லை நகர்த்துவதற்கும் விதி இருக்கிறது. செயலாளர் ஹைன்ஸ் எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர். தற்காலிக மேடு அமைக்க எழுத்தில் விண்ணப்பம் கேட்டார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், பழைய விபத்தை மறுபடி நடத்திப் பார்க்க என்று எழுதினேன். மாதக் கூட்டத்தில் வைத்து, கைதூக்கி, அனுமதி கொடுத்தார்கள்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. எட்டு டிகிரி குளிர். முறிந்த ஷாக் அப்சர்பரை மாற்றி, அடுக்களையில் தேங்காய் எண்ணெயை உருக்கிக் கலந்து ஊற்றி, கச்சிதமாக மூடி எடுத்துப்போயிருந்தேன். ஹைன்ஸ் போனைப் பிடித்துக்கொண்டார், வீடியோவில் சூசை. மேட்டில் குதித்த வண்டி மரக்கட்டை மாதிரி இறங்கித் துள்ளிப் பக்கவாட்டில் உருண்டது. மறுபடி ஓட்டினேன், மறுபடி உருண்டது. எடுத்து அமுக்கிப் பார்த்தால் நாலு ஷாக் அப்சர்பரும் அசையவில்லை. எண்ணெய் உள்ளே உறைந்துபோயிருந்தது. குளிர்காலம் முழுக்கத் தலைக்கு வைக்கும் எண்ணெயை ஹீட்டர் மேல் வைத்து உருக்குகிறவன் நான். வண்டிக்குள்ளும் அதுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னைப் போன்ற ஊர்க்காரனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

"சூசை, குளிர்ல எண்ண ஒறைஞ்சிடுச்சு. உன் செட்டிங் தப்பு இல்ல."

 அவன் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"வுடு மச்சான். எனக்கோசரம் சொல்ற. முன்ன பொய் சொன்ன, இப்பவும் சொல்ற."

உறைந்த எண்ணெயைக் குச்சியால் எடுத்துக் கேமரா முன் காட்டினேன். திரையில் அது வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். நான் உண்மையைச் சொல்லும் நாளில் அதை நம்ப அவனிடம் ஒரு காரணமும் நான் மிச்சம் வைத்திருக்கவில்லை. நம்மூர் வெயில் வரும்வரை பொறு, அன்றைக்குக் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். "பாப்போம்" என்று போனை வைத்தான்.

6

ஜூலையில் இந்த நாட்டுக்கு வெயில் வந்தது. முப்பத்தேழு டிகிரி. செய்தியில் முதியோர் வெளியே வரவேண்டாம் என்றார்கள், அலுவலகத்தில் எல்லோரும் செத்த முகத்தோடு மின்விசிறி தேடினார்கள். எனக்கு மட்டும் பண்டிகை மாதிரி இருந்தது. ஞாயிறு மதியம் சட்டை முதுகில் ஒட்ட ஓடுபாதையில் நின்றபோது, கண்ணை இடுக்கினால் மாமல்லபுரத்துப் பக்கம் நிற்பதுபோலவே இருந்தது. கடல் காற்று மட்டும் இல்லை.

நிலாவைக் கூப்பிட்டேன். தோழிகளோடு நீச்சலுக்குப் போவதாகச் சொன்னாள். போகும்போது, "அவர் நம்பினாரா என்று அப்புறம் சொல்லுங்கள்" என்றாள். தமிழில் சொன்னாள்.

ஹைன்ஸ் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு போனைப் பிடித்தார். அந்தப் பக்கம் சூசை இடித்த கடைக்குப் பின்னால் புதிதாகப் போட்ட தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. "அண்ணாத்த, கொஞ்சம் கீழ புடி" என்றான். ஹைன்ஸுக்கு ஒரு சொல்லும் புரியாது, ஆனால் கீழே பிடித்தார்.

வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து சிமெண்டில் போட்டேன். ஒரே சத்தம். சூசை கண்ணைத் திறந்து, "ம்" என்றான்.

ஓட்டினேன். மேட்டில் ஏறியது, பறந்தது, நாலு சக்கரத்திலும் ஒன்றாக இறங்கி ஓடியது. பத்து முறை ஓட்டினேன், பத்து முறையும் அப்படியே. ஹைன்ஸ் தன் மொழியில் ஏதோ பாராட்டினார்.  சூசையின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இப்ப அன்னிக்கு நீ ஊத்துனத ஊத்து" என்றான்.

"எதுக்கு? உன்னது நல்லாதான கீது, பாத்தியே."

"ஊத்து."

அதே நம்பர் என் இழுப்பறையில் இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப் போயிருந்தேன். நாலையும் கழற்றி, துடைத்து, ஊற்றி, காற்றுக் குமிழ் போகக் காத்திருந்து மூட அரைமணி நேரம் ஆனது. அவன் போனை வைக்கவில்லை. அன்று அவனுக்குத் தெரியாமல் பத்து நிமிஷத்தில் அவசரமாகச் செய்த வேலையை, அவன் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு திருகாகச் செய்தேன். எனக்கு அழுகை வந்தது, வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

அதே வேகம், அதே மேடு. வண்டி பறந்தது, இறங்கியது. வயிறு தரையில் அடித்த சத்தம் போன் வழியாக அவனுக்கும் கேட்டிருக்கும். எகிறிக் கவிழ்ந்து, நாலு சக்கரமும் மேலே சுழல மண்ணில் கிடந்தது.

சூசை எழுந்து நின்றான். திரையில் அவன் வயிறு மட்டும் தெரிந்தது. "ரெஜினா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "ஏ ரெஜினா, வேலய வுட்டுட்டு இங்க வா. கவுந்துடுச்சு பாரு, அதே மாரி கவுந்துடுச்சு." ரெஜினா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, "எங்க?" என்று திரைக்குள் எட்டிப் பார்த்தாள். அதற்குள் நான் ஓடிப்போய் வண்டியை நிமிர்த்திவிட்டிருந்தேன்.

"மச்சான்," என்றான் சூசை, குரல் உடைந்து, "இன்னொரு தபா கவுத்துடா. ரெஜினா பாக்கல."